தென்னிந்திய உருக்கின் ரகசியம் தேடிய கொல்லர் மகன் மைக்கேல் ஃபாரடே

பந்திங் – பாராங் வாங்க இரும்புக்கடைக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே அது என்ன இரும்பு என்று கேட்பார்கள். செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளுக்கும் பால்மரம் சீவும் கத்திக்கும் இதே கேள்விதான். பதிலாக ஒரு பெயர் வரும். லாரி ஸ்பிரிங் பட்டை என்பார்கள், ஜப்பான் எஃகு என்பார்கள், எஸ்கே 5 என்பார்கள். அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

பெயர்களில் சில உண்மையைச் சொல்லும், சில சொல்லாது. அமெரிக்க முறையில் 1095 என்று எழுதியிருந்தால் கடைசி இரண்டு எண்களும் கார்பனின் அளவைக் குறிக்கும்; அந்த எஃகில் சுமார் 0.95 விழுக்காடு கார்பன் இருக்கும். வாகன ஸ்பிரிங் பட்டைக்குப் பயன்படும் 5160 எஃகில் சுமார் 0.6 விழுக்காடு கார்பனும் கொஞ்சம் குரோமியமும் உண்டு. பாராங் அடிக்கும் கொல்லர்கள் பழைய ஸ்பிரிங் பட்டையைத் தேடுவது இதனால்தான். ஓங்கி வெட்டினாலும் அது எளிதில் முறியாது. ஜப்பானின் எஸ்கே 5 அப்படியல்ல. அந்த 5 வெறும் வரிசை எண்தான். பிற்பாடு அதே எஃகுக்கு எஸ்கே 85 என்று பெயர் மாற்றினார்கள். 0.80 முதல் 0.90 விழுக்காடு கார்பன் என்பது அப்போதுதான் பெயரிலேயே தெரிய வந்தது.

எஃகுக்குள் இருப்பதை எடை போட்டு, கலந்து, எண்ணால் எழுதிப் பார்க்கும் வேலையைக் கத்திக்காக முறைப்படி தொடங்கியவர்களில் ஒருவரைப் பள்ளிப் பாடநூல்கள் வேறொரு காரணத்துக்காகப் போற்றுகின்றன. மின் ஆக்கிக்கும் மின்மாற்றிக்கும் வழிகாட்டிய மைக்கேல் ஃபாரடேதான் அவர். மின்சாரத்தில் பெயர் பெறும் முன், இருபதுகளின் பிற்பகுதியிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும், அவர் ஐந்தாண்டுக்கு மேல் உலையடியில் நின்று கத்திக்கான எஃகை உருக்கிக்கொண்டிருந்தார். தென்னிந்தியக் கொல்லர்கள் செய்த ஒரு கட்டி உருக்கு அவரை அந்த வேலைக்குள் இழுத்தது.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22ஆம் தேதி லண்டனின் தெற்கே நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். வெஸ்ட்மார்லண்ட் கிராமப்புறத்திலிருந்து பிழைப்பைத் தேடி லண்டனுக்கு வந்தவர். அவருக்கு உடல்நலம் சரியில்லாததால் வேலைக்குப் போன நாள்களைவிடப் போகாத நாள்கள் அதிகம். நான்கு பிள்ளைகளில் மூன்றாமவரான மைக்கேல் எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. சாண்டிமேனியர் என்ற சிறிய கிறிஸ்துவச் சபையைச் சேர்ந்த குடும்பம் அது. ஆடம்பரத்தையும் பணம் சேர்ப்பதையும் அந்தச் சபை விரும்புவதில்லை. ஃபாரடே சாகும்வரை அந்தச் சபையிலேயே இருந்தார்.

1805இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏழாண்டு ஒப்பந்தத்தில் பைண்டிங் வேலை கற்கச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அவர் அறிவியல் கற்றார். தந்தை 1810இல் இறந்தார். 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றும் உரைகளைக் கேட்க நுழைவுச் சீட்டு கொடுத்தார். கேட்டதையெல்லாம் எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பி வைத்தார் ஃபாரடே. 1813 மார்ச் மாதம் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம், தங்குவதற்கு மாடியில் இரண்டு அறை.

அதே ஆண்டு டேவியுடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். 1814இல் புளோரன்ஸ் நகரில் பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்து டேவி ஒரு வைரத்தை எரித்தார். ஃபாரடே கூடவே இருந்து உதவினார். எரிந்து வந்தது கரியை எரித்தால் வரும் அதே வாயுதான். வைரமும் அடுப்புக்கரியும் ஒரே பொருள் என்பதை அந்த இளைஞர் கண்ணால் கண்டார். இரும்பை எஃகாக்குவதும் அந்தக் கார்பன்தான். 1.5 விழுக்காட்டுக்குள் அது கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கத்தியின் குணம் மாறிவிடும். குறைந்தால் முனை மழுங்கும், மிஞ்சினால் கத்தி கண்ணாடி போல உடையும்.

லண்டனின் ஸ்ட்ராண்ட் வீதியில் அப்போது ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்றொருவர் கடை வைத்திருந்தார். அறுவைச் சிகிச்சைக் கத்தியும் சவரக்கத்தியும் செய்வதில் பேர்போனவர், ஃபாரடேவைவிட முப்பது வயது மூத்தவர். இந்தியாவிலிருந்து வந்த ஊட்ஸ் என்ற எஃகுமேல் அவருக்குப் பெரிய மோகம். ஐரோப்பாவின் எந்த எஃகையும்விட அது உயர்ந்தது என்று தம் கடை விளம்பர அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். பம்பாயிலிருந்து அதன் கட்டிகள் 1790களில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு வந்தபோது, சோதனைக்காக அதில் ஒரு பேனாக்கத்தி அடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

ஊட்ஸ் என்ற அந்தப் பெயரே ஒரு தவறான பெயர் என்கிறார்கள் அறிஞர்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகுக்கு உக்கு என்று பெயர், தமிழில் உருக்கு. அந்தச் சொல்லைக் காதால் கேட்ட ஆங்கிலேயர் எழுதியதிலோ, அச்சுக் கோத்தவர் படித்ததிலோ பிசகி அது ஊட்ஸ் ஆகியிருக்க வேண்டும். இன்றைக்கும் உலகம் முழுவதும் கத்தி செய்வோர் அந்தப் பிழையான பெயரைத்தான் மதிப்போடு சொல்கிறார்கள்.

பெயர் பிசகினாலும் வேலை பிசகவில்லை. தமிழ்நாட்டில் சேலம் வட்டாரத்திலும் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும், பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரிலும் உருக்கு செய்த தடயங்கள் உண்டு. சேலம் பக்கத்து முறையைக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதி வைத்திருக்கிறார். உமி கலந்த களிமண்ணால் செய்த மூசைக்குள் சிறு இரும்புத் துண்டுகளையும் உலர்ந்த ஆவாரங்குச்சியையும் போடுவார்கள். மேலே எருக்கிலை போன்ற பச்சிலை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆவாரங்குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் இறங்கும். மூசையை உடைத்தால் உள்ளே கையடக்கமான உருக்குக் கட்டி. அதைச் செய்த கொல்லர்களின் பெயர்களை அந்தக் குறிப்புகளில் யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த உருக்கில் செய்த கத்தியை அமிலத்தில் நனைத்தால் தண்ணீர் அலை போன்ற கோடுகள் மேலே எழும். ஐரோப்பியர் அதை டமாஸ்கஸ் எஃகு என்று அழைத்தார்கள். அதுவும் ஒரு பெயர்க் குழப்பம்தான். சிரியாவின் டமாஸ்கஸ் நகரத்தோடு சேர்ந்த புகழ், இந்தியாவிலும் இலங்கையிலும் பாரசீகத்திலும் உருகிய எஃகுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டோடார்ட் கொடுத்த ஊட்ஸை ஃபாரடே வேதியியல் முறைப்படி பிரித்துப் பார்த்து 1819இல் முடிவை வெளியிட்டார். சிலிக்காவும் அலுமினாவும் சிறிதளவு இருப்பதாகக் கண்டார். அலுமினியம் கலந்திருப்பதுதான் இந்த உருக்கின் சிறப்புக்குக் காரணம் என்று முடிவு செய்தார். அந்த முடிவு தவறு. பின்னால் வந்தவர்கள் தேடியபோது அப்படி ஓர் அலுமினியக் கலப்பு நல்ல ஊட்ஸில் அகப்படவில்லை. கூடுதலான கார்பனும், தாதுவோடு வந்த வனேடியம் போன்ற உலோகங்களின் மிகச் சிறிய அளவும்தான் அந்த அலைக்கோடுகளை உண்டாக்குகின்றன என்று 1990களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின. அவ்வளவு சிறிய அளவைக் காணும் கருவி ஃபாரடே காலத்தில் கிடையாது.

ஆனால் அந்தத் தவறான முடிவிலிருந்து பிறந்த கேள்வி சரியான கேள்வி. இந்திய எஃகு கலப்பினால் உயர்ந்தது என்றால், வேறு எதைக் கலந்தால் அதைப் போன்ற எஃகு, அல்லது அதைவிட நல்ல எஃகு கிடைக்கும்? ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தில் உலை மூட்டினார்கள். பைண்டிங் கற்ற கொல்லர் மகன் தந்தையின் தொழிலுக்கே ஒரு விதத்தில் திரும்பி வந்திருந்தார். உருக்குவதும் பகுத்து அறிவதும் அவர் வேலை. அடித்து, தோய்த்து, பதம் பார்த்து, முனை தீட்டிச் சொல்வது ஸ்டோடார்ட்டின் வேலை. விஞ்ஞானியும் கத்திக்காரரும் சேர்ந்து இப்படி வேலை செய்தது அந்தக் காலத்தில் அபூர்வம். 1820இலும் 1822இலும் வந்த கட்டுரைகளில் இருவர் பெயரும் இருக்கிறது. கத்திக்காரர் பெயர்தான் முதலில்.

நிக்கல், வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், குரோமியம், தங்கம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். விலையுயர்ந்த பிளாட்டினமும் ரோடியமும் வல்லஸ்டன் என்ற வேதியியலாளர் உதவியால் கிடைத்தன. எஃகும் பிளாட்டினமும் சம எடையில் கலந்தபோது முகம் பார்க்கும் கண்ணாடி போல மெருகேறிய உலோகம் வந்தது. ரோடியம் ஒன்றிரண்டு விழுக்காடு கலந்தது மிகக் கடினமான முனை தந்தது. பதம் பார்க்கும் சூட்டையும் ஒப்பிட்டார்கள். சிறந்த ஆங்கில எஃகைவிட ஊட்ஸுக்குச் சுமார் 40 பாகை பாரன்ஹீட் கூடுதலாகவும், ரோடியம் கலந்ததற்கு அதற்கும் மேலே 30 பாகையும் சூடு தேவைப்பட்டது. கத்தி செய்கிறவருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். உலோகம் அத்தனை கடினம்.

வெள்ளியில்தான் விசித்திரம். நிறைய வெள்ளி போட்டால் அது எஃகோடு சேரவே இல்லை. உருகியிருக்கும்போது ஒட்டியிருந்து, ஆறும்போது வியர்வை போலச் சிறு மணிகளாக வெளியே வந்துவிட்டது. குறைத்துக்கொண்டே போனார்கள். 500 பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி என்ற அளவில்தான் அது தங்கியது. அந்த எஃகு நன்றாக இருப்பதாகவும், விலையும் கட்டுப்படியாகும் என்றும் இருவரும் எழுதினார்கள்.

வியாபாரம் அதைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தின் கத்தித் தலைநகரான ஷெஃபீல்டில் சோதனை நடந்தது, பின்னர் வெள்ளி எஃகு என்று முத்திரை குத்திய சவரக்கத்திகள் சந்தைக்கு வந்தன. பல உற்பத்தியாளர்கள் அந்த முத்திரையைப் பயன்படுத்தினார்கள். காலப்போக்கில் வெள்ளி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. இன்று பொறியியல் பட்டறைகளில் வெள்ளி எஃகு என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் பளபளப்பான கம்பியில் வெள்ளி துளியும் கிடையாது. சுமார் ஒரு விழுக்காடு கார்பனும் கொஞ்சம் குரோமியமும் உள்ள கருவி எஃகு அது. தொழிற்பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் பலர் வெள்ளி இருப்பதாகவே நம்பி அதைக் கடைந்துகொண்டிருப்பார்கள்.

அந்த ஆராய்ச்சியில் மிகவும் கிட்ட வந்து நழுவியது குரோமியம். ஒரு விழுக்காடும் மூன்று விழுக்காடும் கலந்து பார்த்தார்கள். அடிக்க முடிந்தது, அலைக்கோடும் அழகாக வந்தது. அதற்கு மேல் கூட்டவில்லை. ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் போட்ட எஃகு துருப்பிடிக்காது என்பதை அதே ஷெஃபீல்டில் ஹாரி பிரேயர்லி கண்டது 1913இல். இன்று வீட்டுச் சமையலறையில் இருக்கும் எவர்சில்வர் கத்திக்கு அதுதான் மூதாதை. எவர்சில்வர் என்ற பெயரிலும் வெள்ளி உண்டு, பொருளில் கிடையாது.

ஸ்டோடார்ட் 1823இல் இறந்தார். ஃபாரடே மறு ஆண்டுவரை உலையை விடவில்லை. அதன் பிறகு விட்டுவிட்டார். பிளாட்டினம் போட்டுக் கத்தி செய்து விற்க முடியாது. துணையாக நின்ற கத்திக்காரரும் இல்லை. வேறு கவலைகளும் சூழ்ந்தன. 1821 ஜூன் மாதம் சாரா பெர்னார்டை மணந்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மின்சாரத்தால் ஒரு கம்பியைச் சுழல வைத்து, மின் மோட்டாருக்கு வித்திட்டார். அந்தப் புகழே சச்சரவாகவும் ஆனது. மற்றவர் கருத்தை எடுத்துக்கொண்டார் என்ற முணுமுணுப்பு எழுந்தது. 1824இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பெயர் வந்தபோது, அவரை வளர்த்துவிட்ட டேவியே எதிர்த்தார். எதிர்ப்பையும் மீறி ஃபாரடே தேர்வானார். டேவியைப் பற்றி அவர் கடைசிவரை மரியாதை குறையாமல்தான் பேசினார்.

கலப்பு எஃகின் பெயரால் வாழ்க்கையே சரிந்தவர் ஒருவரும் உண்டு. சேலத்து முறையை எழுதி வைத்த அதே ஹீத்தான் அவர். 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கி நட்டப்பட்டு, இங்கிலாந்து திரும்பினார். எஃகில் மாங்கனீஸ் சேர்த்தால் தரம் உயரும் என்று 1839இல் காப்புரிமை பெற்றார். மனுவில் மாங்கனீஸ் கார்பைடு என்று எழுதியிருந்தார். ஷெஃபீல்டில் மற்றவர்கள் மாங்கனீஸ் ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் போட்டு, அதே பலனை மலிவாகப் பெற்றார்கள். உள்ளே போனதும் இரண்டும் ஒன்றுதானே என்று ஹீத் வழக்காடினார். பத்தாண்டுக்கு மேல் இழுத்து, 1855இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

ஃபாரடே எதற்கும் காப்புரிமை கேட்டதில்லை. 1831 ஆகஸ்டு 29ஆம் தேதி, ஒரு மென்னிரும்பு வளையத்தின் இரு பக்கமும் செப்புக் கம்பி சுற்றி, ஒரு பக்கத்து மின்சாரத்தை நிறுத்தி இயக்கும்போது மறுபக்கம் மின்சாரம் துள்ளுவதைக் கண்டார். இன்றைய மின் நிலையங்கள் எல்லாம் அந்த வளையத்தின் வாரிசுகள். எந்த இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது உலையடியில் நின்ற அந்த ஆண்டுகளில் அவர் கைக்குப் பழகியிருந்தது.

மலாயா மண்ணுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதுவும் ஒரு பாராங் வழியாகவே வருகிறது. 1840களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி, மலாய்த் தொழிலாளி ஒருவர் வைத்திருந்த பாராங்கின் பிடியைக் கவனித்தார். அது மரமும் அல்ல, கொம்பும் அல்ல. காட்டு மரத்துப் பாலான கெத்தா பெர்ச்சா. சுடுநீரில் போட்டால் களிமண் போல இளகும், ஆறினால் இறுகும். கைக்கு ஏற்ற பிடி செய்ய அதைவிடத் தோதான பொருள் கிடையாது. மாதிரிகள் லண்டனுக்குப் போயின. அது மின்சாரத்தைக் கசியவிடாது, ஈரத்திலும் தாங்கும் என்று 1848இல் ஃபாரடே எழுதினார். ஈயமோ கண்ணாடியோ செய்ய முடியாததைப் பாராங் பிடி செய்தது. அந்தப் பால் பூசிய கம்பிகள் 1851இல் டோவர் நீரிணைக்கு அடியில் கிடந்தன. 1871 வாக்கில் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடித் தந்தியால் இணைந்துவிட்டன. அதற்காக வெட்டிச் சாய்க்கப்பட்ட மரங்களுக்குக் கணக்கில்லை. தீபகற்பத்துக் காடுகளில் அந்த மரமே அரிதாகிப் போனது.

ஃபாரடே அதைப் பார்க்கவில்லை. முதுமையில் நினைவு தளர்ந்து, அரசி விக்டோரியா வழங்கிய ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில் 1867 ஆகஸ்டு 25ஆம் தேதி காலமானார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவி தேடி வந்தபோதும் மறுத்தவர். ஹைகேட் இடுகாட்டில் பெயரும் தேதிகளும் மட்டுமுள்ள எளிய கல்லின் கீழ் அடக்கமானார்.

எஃகு ஆராய்ச்சியை எல்லாரும் மறந்திருந்தார்கள். லண்டன் அறிவியல் அரும்பொருளகத்தில் ஃபாரடேவின் பெயரில் ஒரு சிறிய மரப்பெட்டி மட்டும் இருந்தது. மாங்கனீஸ் எஃகைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற ஷெஃபீல்டு தொழிலதிபர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு, அனுமதி பெற்று அதைத் திறந்து பார்த்தார். உள்ளே 79 சிறு எஃகுத் துண்டுகள். துண்டுகள் விலைமதிப்பற்றவை என்பதால் மிகக் குறைவாகவே சுரண்டி எடுத்து ஒவ்வொன்றையும் சோதித்தார்கள். பிளாட்டினம், ரோடியம், நிக்கல், குரோமியம் என்று எஃகுக்குள் இருந்ததெல்லாம் நூறாண்டு கழித்து எண்களாக வெளிவந்தது. 1931இல் ஹாட்ஃபீல்டு அதை நூலாக வெளியிட்டார்.